அப்பா போன நாள் என்னிடம் இல்லை

முரளி,

ரேவதி போன் செய்திருந்தாள். நீ ஆபீசுக்குக் கிளம்பிய பிறகு, உனக்குத் தெரியாமல் செய்திருக்கிறாள். அவளைக் கோபித்துக்கொள்ளாதே. எனக்குச் செய்த அதே வயிற்று ஆபரேஷனை நீயும் செய்துகொள்ளப் போகிறாய், புனேவில் வேண்டாம், பெங்களூரில் நம் வீட்டில் இருந்தபடி செய்துகொள்ளலாம் என்று முடிவு செய்து தேதியும் வாங்கிவிட்டாய் என்றாள். "அத்தை, யாரு சொன்னாலும் அவரு கேக்க மாட்டேங்கறாரு. உங்களுக்கு ஆனதப் பாத்தும் எப்படித்தான் தைரியம் வருதோ. நீங்க வேணாம்னு ஒரு வார்த்த சொன்னா நின்னுடுவாரு" என்றாள். அழுதாள் என்று நினைக்கிறேன். யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். யோசித்துப் பார்த்தால் போனில் இதைச் சொல்ல எனக்கு வராது. பேசப் பேச, எங்கே ஆரம்பித்தேன் என்பது நழுவிவிடும். எழுதினால் மேலே போய்ப் பார்த்துக்கொள்ளலாம். பல நாளாக எழுதுகிறேன். காலையில் முதலிலிருந்து ஒரு தடவை படித்துவிட்டுத்தான் அடுத்த வரிக்குப் போகிறேன். சொன்னதையே திரும்பச் சொல்லியிருந்தால் தாண்டிப் போய்விடு.

வேண்டாம் என்று நான் சொல்லப் போவதில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உன் உடம்பு என் உடம்பு. குறட்டை பாதியில் நின்று, மூச்சே இல்லாமல் கிடந்து, பிறகு தண்ணீருக்குள்ளிருந்து எழுகிறவன்போல நீ திணறுகிறாயாம். ரேவதி எழுந்து உட்கார்ந்து உன்னை உலுக்குகிறாளாம். எனக்கும் அப்படித்தான் இருந்தது. உன் அப்பா என்னை உலுக்கியிருக்கிறார். அந்த ஆபரேஷன் எனக்குக் கெடுதல் செய்தது என்று ஊரில் எல்லோரும் சொல்கிறார்கள். ஆபரேஷன் கெடுதல் செய்யவில்லை. அதற்குப் பிறகு நடந்ததுதான் செய்தது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

நான் டெலிபோன் ஆபரேட்டராக இருந்த நாட்கள் உனக்குக் கொஞ்சம் நினைவிருக்கும். பள்ளிக்கூடம் லீவு விட்டால் நீயும் என்னோடு மருந்துக் கம்பெனிக்கு வந்து, போர்டுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொள்வாய். யார் பேசினாலும் "ஹலோ" என்ற ஒரு சொல்லில் ஆளைச் சொல்லிவிடுவேன். டைரக்டரியை நான் திறந்ததே கிடையாது. அதே நான் நாற்பத்தைந்து வயதைத் தாண்டியதும் போர்டில் உட்கார்ந்தபடி தூங்க ஆரம்பித்தேன். ஜெனரல் மேனேஜருக்கு வந்த அழைப்பைக் கேன்டீனுக்குக் கொடுத்துவிட்டேன். கேன்டீன்காரர் காய்கறிக்காரர் என்று நினைத்து, அரைக்கிலோ கொத்தமல்லி அனுப்பச் சொல்லியிருக்கிறார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆனால் அன்று மத்தியானம் எனக்குப் பழக்கமான குரல் ஒன்றுக்குப் பெயர் வரவில்லை. அப்பாவிடம் சொன்னேன். "இன்னாடி, இந்த வயசுலயே மறதியா? வா, டாக்டர்கிட்ட போலாம்" என்று மறுநாளே கூட்டிக்கொண்டு போனார்.

டாக்டர் நல்லவர். நிதானமாகச் சொன்னார். கழுத்தில் சேர்ந்த கொழுப்பு தூக்கத்தில் மூச்சுக்குழாயை அடைக்கிறது, மூளைக்குப் போக வேண்டிய காற்று போவதில்லை, அதனால்தான் பகலில் தூக்கமும் மறதியும் என்றார். சர்க்கரையும் ஏறியிருந்தது. "மூளைய காப்பாத்தணும்னா வெயிட்ட குறைக்கணும்மா" என்றார். பட்டினி கிடந்து பார்த்தேன். ஆஸ்டின் டவுன் வீட்டிலிருந்து கம்பெனிக்குத் தினமும் நடந்தேன். எடை குறையவில்லை. கடைசியில் வயிற்றைச் சின்னதாக்கி, குடலைக் குறுக்காக எடுத்துத் தைக்கும் ஆபரேஷன் என்று முடிவானது. என் மூளைக்காகத்தான் அது நடந்தது என்பதை இங்கே எழுதி வைக்கிறேன். நீ அப்போது புனேவில் புது வேலையில் சேர்ந்திருந்தாய். வர வேண்டாம், சின்ன ஆபரேஷன்தான் என்று அப்பா உன்னிடம் சொன்னார்.

ஆபரேஷன் முடிந்து வந்த முதல் வாரங்களைப்போல என் தலை அதற்கு முன்பும் பின்பும் தெளிவாக இருந்ததில்லை. காலையில் எழுந்தால் கண்ணாடியைத் துடைத்து வைத்ததுபோல இருந்தது. பழைய குரல்களெல்லாம் பெயரோடு வந்தன. அப்பா காப்பி ஆற்றிக்கொண்டே, "குறட்டையே இல்ல. பக்கத்துல ஆள் கீதான்னு தொட்டுப் பாத்துக்கினு படுக்க வேண்டியதா கீது" என்றார். நீயும் போனில் என் குரலே மாறிவிட்டது என்றாய். அதைக் குறை சொல்ல மாட்டேன். அப்புறம் வாந்தி ஆரம்பித்தது.

முதலில் சாப்பாட்டுக்கு வாந்தி. பிறகு கஞ்சிக்கு. பிறகு தண்ணீருக்கு. சத்து மாத்திரை என்று கொடுத்ததையும் விழுங்கிய கொஞ்ச நேரத்தில் எடுத்துவிடுவேன். சின்ன வயிறு, அப்படித்தான் இருக்கும், போகப் போகச் சரியாகிவிடும் என்று எல்லோரும் நினைத்தோம். நானும் நினைத்தேன். ஏனென்றால் எடை இறங்கிக்கொண்டே இருந்தது, பார்க்கிறவர்கள் எல்லோரும் புகழ்ந்தார்கள். எதிர்வீட்டு சரோஜம்மா கையைப் பிடித்துக்கொண்டு, "தும்பா சென்னாகி காணிஸ்தீரா, ரீ", ரொம்ப அழகாகத் தெரிகிறீர்கள் என்று தன் மகளைக் கூப்பிட்டு என்னைக் காட்டினார். உன் சித்தி வசந்தா என் ரவிக்கைகளையெல்லாம் பிடித்துத் தைத்தாள். மறுபரிசோதனைக்குப் போனபோது எடை மெஷினில் நிறுத்தினார்கள், முள்ளைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார்கள். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டதற்கு நன்றாக இருக்கிறேன் என்றேன். வாந்தி எடுக்கிறவள் நன்றாக இருக்கிறேன் என்று சொன்னால் யார் என்ன செய்ய முடியும்?

ஒரு நாள் காலையில் வாசல் கதவு இரண்டாகத் தெரிந்தது. எந்தக் கதவில் கை வைப்பது என்று தெரியாமல் நின்றேன். நடந்தால் கால்கள் அகன்று அகன்று விழுந்தன. அப்பா பயந்து பக்கத்து நர்சிங் ஹோமுக்குக் கொண்டுபோனார். சத்தில்லாமல் இருக்கிறாள் என்று குளுக்கோஸ் ஏற்றினார்கள். பாட்டில் சொட்டுவதைப் பார்த்தபடி படுத்திருந்தேன். மேலே இரண்டு மின்விசிறி சுற்றியது. ஒன்றுதான் நிஜம், எது என்று கேட்க அப்பா பக்கம் திரும்பினேன்.

அவ்வளவுதான், முரளி. என் ஞாபகம் அங்கே நின்றுவிடுகிறது. இனி எழுதுவதெல்லாம் வசந்தா சொல்லிக் கேட்டது. அவள் சொல்லாமல் விட்டது எனக்குத் தெரியாது.

குளுக்கோஸ் ஏற்றிய மறுநாள் எனக்குக் கிழமை தெரியவில்லையாம். அதற்கு அடுத்த நாள் வசந்தாவை அம்மா என்று கூப்பிட்டேனாம். அப்பா என்னை ஆட்டோவில் போட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார். அங்கே நரம்பு டாக்டர் ஒரு அம்மா, என் கண் முழி துடிப்பதைப் பார்த்துவிட்டு, "இவங்களுக்கு வயித்துல ஆபரேஷன் ஆச்சா? எத்தன நாளா வாந்தி?" என்று கேட்டு, பதிலுக்குக்கூட நிற்காமல் நரம்பில் ஊசி போடச் சொன்னார். பி ஒன் என்ற வைட்டமின். அரிசித் தவிட்டில் இருக்கிற சாதாரணச் சத்து. உடம்பு அதைக் கொஞ்ச வாரங்களுக்கு மேல் சேர்த்து வைக்காதாம். வாந்தியில் அது தீர்ந்துபோய், மூளையில் ஞாபகத்தை வாங்கி வைக்கிற இடம் பட்டுப்போய்விடுமாம். அந்தச் சத்து இல்லாத உடம்பில் முதலில் சர்க்கரைத் தண்ணீரை ஏற்றினால் மிச்சம் இருந்ததும் அதிலேயே செலவாகிவிடுமாம். ஊசி போட்டதும் கண் நேராகிவிட்டது. கால் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தேறியது. ஞாபகம் வரவில்லை.

அப்போதுதான் நீ லீவு போட்டுவிட்டு வந்தாய். நீயும் அப்பாவும் மாற்றி மாற்றி என்னோடு இருந்திருக்கிறீர்கள். ஒரு நாள் இரண்டு பேரும் வீட்டிலிருந்து சேர்ந்து கிளம்பி, வழியில் சிவாஜிநகரில் இறங்கி எனக்கு நைட்டி வாங்கினீர்களாம். பழையதெல்லாம் தோளில் நிற்காமல் நழுவுகிறது என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். அடுத்த பஸ்ஸுக்கு நிற்கும்போது பஸ் ஸ்டாண்டில் அப்பா சாய்ந்துவிட்டார். அன்று சாயங்காலம் துணிக்கடைப் பையோடு நீ வார்டுக்கு வந்தாய், சட்டையெல்லாம் மண்ணாக இருந்தது என்று வசந்தா சொன்னாள். அந்தப் பஸ் ஸ்டாண்டைப் பற்றி அவளுக்கும் இதற்கு மேல் தெரியாது. நீ அவளிடம் அவ்வளவுதான் சொல்லியிருக்கிறாய்.

"அம்மா, அப்பா போயிட்டாரும்மா" என்று என்னிடம் சொன்னாயாம். நான், "எங்க? கடைக்கா?" என்றேனாம். நீ மறுபடி சொன்னாய். நான், "இப்பதானடா இங்க இருந்தாரு. ரெண்டு பேரும் இட்லி சாப்பிட்டோம். சட்னி காரம்னு சொன்னாரு" என்றேனாம். நீ வார்டே திரும்பிப் பார்க்கும்படி கத்தினாய்: "ஏம்மா பொய் சொல்ற? அப்பா செத்துட்டாரும்மா!" வசந்தா உன்னை வெளியே இழுத்துக்கொண்டு போயிருக்கிறாள். திரும்பி வந்தபோது நான் அவளிடம், "முரளி ஏன் இன்னிக்கு ஒரு மாதிரி கீறான், அவங்க அப்பாகிட்ட சொல்லணும்" என்றேனாம்.

நான் பொய் சொல்லவில்லை. இதை உனக்கு யாராவது சரியாகச் சொன்னார்களா என்று தெரியவில்லை. அந்த டாக்டரம்மா பிற்பாடு எனக்கு விளக்கினார். ஞாபகம் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தால் மூளை அதைக் காலியாக விட்டுவைக்காதாம். என்றோ சாப்பிட்ட இட்லியை எடுத்து இன்றைக்கு என்று அங்கே வைத்துவிடுமாம். சொல்கிறவருக்கு அது நிஜமாகவே இருக்குமாம். ஏமாற்றும் எண்ணம் எதுவும் இருக்காதாம். அப்பா என்னோடு ஏதோ ஒரு நாள் இட்லி சாப்பிட்டுச் சட்னி காரம் என்று சொன்னது உண்மையாகத்தான் இருக்கும். நாள்தான் தப்பு.

மறுநாள் என்னைக் காரில் வீட்டுக்குக் கொண்டுவந்து அப்பா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். நான் கூட்டத்தைப் பார்த்துவிட்டு யார் வீட்டு விசேஷம் என்று கேட்டேனாம். அப்பாவின் முகத்தைப் பார்த்து, "இவருக்கு ஏன் ஷேவ் பண்ணி விடல?" என்றேனாம். ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. கல்நெஞ்சுக்காரி என்று யாரோ பின்னால் சொன்னது உன் காதில் விழுந்தது, உன் முகம் மாறியது என்று வசந்தா சொன்னாள். நீ கல்பள்ளி மயானத்துக்குப் போய்க் காரியத்தை முடித்துவிட்டு வந்தாய். நான் அதற்குள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு, அப்பாவுக்கு டூட்டி முடிந்துவிட்டதா என்று நர்ஸைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

லீவு முடிகிற வரைக்கும் நான் கேட்டபோதெல்லாம் நீ உண்மையைச் சொன்னாய். வசந்தா வேண்டாம் என்று கெஞ்சினாள். "கடைக்குப் போய்க்கீறாருன்னு சொல்லிட்டுப் போயேன்டா. அதுக்கு இன்னா தெரியப் போவுது? ஏன் உன்ன நீயே கொன்னுக்கற?" என்றாளாம். நீ கேட்கவில்லை. ஒவ்வொரு தடவையும் சொன்னாய், ஒவ்வொரு தடவையும் நான் அப்படியா என்றேன். நீ போன பிறகு வசந்தா கடை என்றே சொல்லி வந்தாள்.

எனக்கு எப்போது தெரிந்தது என்று என்னைக் கேட்காதே. ஒரு வருஷம் போயிருக்கும். புது விஷயங்கள் மெல்ல மெல்லத் தங்க ஆரம்பித்தன. பால்காரன் மாறியது தங்கியது. சரோஜம்மா மகளுக்குக் குழந்தை பிறந்தது தங்கியது. அப்படியே ஒரு நாள் பார்த்தால் அப்பா இல்லை என்பதும் உள்ளே இருந்தது. மைசூருக்கு ரயில் போகிறது என்று தெரியுமே, அந்த மாதிரி. யாரோ ஓடி வந்து சொல்ல, நெஞ்சில் அடித்துக்கொண்டு கேட்ட நாள் எனக்கு இல்லை. மற்றவர்களுக்குத் துக்கம் ஒரு நாளில் தொடங்குகிறது, அந்த நாளிலிருந்து அது வளர்ந்து, தேய்ந்து, எங்கேயாவது போய்ச் சேருகிறது. எனக்குத் தொடங்கவே இல்லை. கால் பாதமும் அப்படித்தான் இருக்கிறது. செருப்பு கழன்று விழுந்தால் தெரிவதில்லை. போன மழைக்காலத்தில் வெந்நீர் காலில் கொட்டி, வசந்தா பார்த்து அலறிய பிறகுதான் குனிந்து பார்த்தேன். தோல் சிவந்திருந்தது. வலி இல்லை.

இத்தனைக்கும் பழசு எதுவும் போகவில்லை. தொண்ணூற்றொன்றில் காவிரித் தகராறில் ஊர் கலவரமாக இருந்தபோது நான் கம்பெனியில் மாட்டிக்கொண்டேன். நீ சரோஜம்மா வீட்டில் இருந்தாய். அவர்தான் உன்னை உள் அறையில் படுக்க வைத்து, வாசலில் தானே உட்கார்ந்திருந்தார். அப்பா என்னைக் கூட்டிப்போக ஸ்கூட்டரில் வந்தார். வழியெல்லாம் தமிழர்களைத் தேடிக்கொண்டு கும்பல். வண்டியை மெதுவாக ஓட்டியபடி, பின்னால் திரும்பி என்னிடம் சத்தமாகக் கன்னடத்தில், "ஏனே, மனெகெ தரகாரி தகோபேகா?" என்று கேட்டார். வீட்டுக்குக் காய்கறி வாங்க வேண்டுமா என்று! நான் அவர் சட்டையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். அவர் விடவில்லை. கத்தரிக்காய் விலை, பீன்ஸ் விலை என்று வீடு வரைக்கும் கன்னடத்திலேயே என்னோடு சண்டை போட்டுக்கொண்டு வந்தார். எவனும் வண்டியை நிறுத்தவில்லை. வாசலில் இறங்கிய பிறகுதான் அவர் கை நடுங்குவதைப் பார்த்தேன். அந்தக் கை நடுங்கியது இப்போதும் என் கண்ணில் இருக்கிறது. அவர் செத்த நாள்தான் இல்லை.

உன் கல்யாணத்துக்கு முந்தின நாள் அப்பா படத்துக்கு மாலை போட்டுவிட்டு என்னிடம் ஒன்று கேட்டாய். இது என் சொந்த ஞாபகம், யாரும் சொல்லித் தெரிந்ததில்லை. "அம்மா, அப்பா இல்லைங்கறது உனக்கு உறைக்குதா?" என்றாய். நான், "இல்லடா" என்றேன். நீ தலையாட்டிவிட்டுப் பந்தல்காரரிடம் போய்விட்டாய். அதற்குப் பிறகு அப்பாவைப் பற்றி நீ என்னிடம் பேசியதே இல்லை. அம்மாவிடம் பேசிப் பயனில்லை என்று நினைத்திருப்பாய். நான் சொன்னது உண்மைதான். ஆனால் உறைக்கவில்லை என்றால் அவரைப் பற்றிய பேச்சு எனக்கு வேண்டாம் என்று அர்த்தம் இல்லை. அதைச் சொல்ல அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை.

இனி ஆபரேஷன் விஷயம். வா. செய்துகொள். ஆனால் வாந்தி வந்தால் அதைச் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்ளாதே. தொடர்ந்து வந்தால் அன்றைக்கே டாக்டரிடம் போ, மாத்திரை வயிற்றில் நிற்கவில்லை என்று வாயைத் திறந்து சொல், ஊசியாகப் போடச் சொல். யாராவது குளுக்கோஸ் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு வந்தால் முதலில் பி ஒன் போட்டாயிற்றா என்று கேள். நீ கேட்கிற நிலையில் இல்லை என்றால் ரேவதி கேட்கட்டும், அவளுக்கு இப்போதே சொல்லி வை. ஒல்லியாகிவிட்டாய், அழகாகிவிட்டாய் என்று யார் சொன்னாலும் அதை வைத்து நன்றாக இருக்கிறேன் என்று முடிவு செய்யாதே. உன் நடை ஒரு மாதிரி இருக்கிறது, பேச்சு ஒரு மாதிரி இருக்கிறது என்று ரேவதி சொன்னால் அவள் பேச்சைக் கேள். அந்த நேரத்தில் உனக்கு உன்னைத் தெரியாது. எனக்குத் தெரியவில்லை. இவ்வளவையும் பார்த்துக்கொண்டால் ஒன்றும் ஆகாது என்று டாக்டரம்மா சொல்கிறார். இதே ஆபரேஷன் செய்துகொண்டு நன்றாக இருப்பவர்களைத் தினமும் பார்க்கிறாராம். நம்புகிறேன்.

ஆனாலும் ஒன்று கேட்கிறேன். பஸ் ஸ்டாண்டில் அப்பாவோடு இருந்தவன் நீ ஒருவன்தான். அவர் ஏதாவது சொன்னாரா, வலித்ததா, கையைப் பிடித்துக்கொண்டாரா, என்னைக் கேட்டாரா, யார் தண்ணீர் கொடுத்தார்கள், எவ்வளவு நேரம் உன் மடியில் இருந்தார், எதுவும் எனக்குத் தெரியாது. அது உன் தலைக்குள் மட்டும் இருக்கிறது. தலைக்குள் இருப்பது எவ்வளவு சுலபமாகப் போய்விடும் என்று எனக்குத் தெரியும். அதனால் ஆபரேஷனுக்கு முன்னால் ஒரு நாள் என்னோடு உட்கார். வீட்டிலிருந்து நீங்கள் இரண்டு பேரும் கிளம்பியதிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொல். அவசரப்படாதே. நான் அழுவேனா என்று பார்க்காதே. வந்தால் வரட்டும், வராவிட்டால் போகட்டும். மறுநாள் நான் மறந்துவிட்டு மறுபடி கேட்டால், அன்றைக்கு வார்டில் சொன்னாயே, அதுபோல மறுபடி சொல். நீ சொல்லும்போது வசந்தாவும் பக்கத்தில் இருக்கட்டும். என்னிடம் தங்காவிட்டாலும் அவளிடம் தங்கும்.

அம்மா